வீடு கட்டும் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சிறிய வீடுகளைக் கட்டிக்கொடுக்கும் பொறியாளர் நான். பெரும்பாலும் 1,000 முதல் 2,000 சதுர அடி வீடுகள், முதல்முறை கட்டுகிற குடும்பங்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இழுத்துக்கொண்டே போன வீடுகளை நினைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் ஒரே காரணம்தான் தெரிகிறது. முடிவு சொல்ல வேண்டிய நாளில் வீட்டில் யாரும் முடிவு சொல்லவில்லை. அதனால் கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வரும்.

மனை இருக்கிறது, ஓரளவு பணமும் இருக்கிறது. முதலில் என்ன செய்வது?

காகிதம். பத்திரம், உங்கள் பெயரில் பட்டா, 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள். வங்கிக் கடன் வாங்கப்போகிறீர்கள் என்றால் வங்கியும் இதைத்தான் முதலில் கேட்கும். அப்புறம் மனையை அளந்து பாருங்கள். பத்திரத்தில் 40க்கு 60 என்று இருக்கும், தரையில் ஒரு பக்கம் 39 அடிதான் இருக்கும். வரைபடம் போட்ட பிறகு இது தெரியவந்தால் எல்லா அறையும் கொஞ்சம் கொஞ்சம் சுருங்கும்.

கட்டட அனுமதிக்கு 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமாகவோ அதன்மேல் ஒரு மாடியோடோ கட்டுகிறவர்கள் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி உடனடியாக அனுமதி பெறலாம். உடனே கிடைக்கிறது என்பதற்காக விதியை மறந்துவிடக் கூடாது. சுற்றிலும் விட வேண்டிய இடத்தை விட்டிருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள்தான்.

வரைபடம் வந்துவிட்டது. பூமி பூஜை போட்டு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கட்டத்தில் செலவழிக்கும் 3 வாரம் பின்னால் 3 மாதத்தை மிச்சப்படுத்தும் என்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வரைபடம் அறைகளின் அளவைச் சொல்லும். நீங்கள் அந்த அறையில் எப்படி வாழப்போகிறீர்கள் என்பதைச் சொல்லாது. கட்டில் எந்தச் சுவரை ஒட்டி வரும்? அது தெரிந்தால்தான் சுவிட்ச் எங்கே என்று சொல்ல முடியும். சமையலறையில் சிங்க் ஜன்னலுக்குக் கீழா, பக்கத்துச் சுவரிலா? அதைப் பொறுத்துத்தான் குழாய் எந்தப் பக்கம் வெளியேறும் என்பது முடிவாகும். வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், ஆர்.ஓ., ஏ.சி. வெளிப்பெட்டி, பூஜை அறை விளக்கு, மாடித் தொட்டியின் எடை தாங்கும் இடம் எல்லாவற்றையும் காகிதத்தில் குறியுங்கள். டாய்லெட் இந்தியனா வெஸ்டர்னா என்பதுகூட தளம் போடுவதற்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம். தளத்தை அந்த இடத்தில் எவ்வளவு தாழ்த்திப் போடுவது என்பது அதைப் பொறுத்தது.

வீட்டில் சமைப்பவரும் பெரியவர்களும் இந்தக் கூட்டத்தில் கட்டாயம் உட்கார வேண்டும். ஒரு வீட்டில் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) வரை சுவர் எழும்பிய பிறகுதான் அந்த அம்மா முதல்முறை சைட்டுக்கு வந்தார். சமையலறை வாசல் நேராக ஹாலைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் கேட்டது நியாயம். ஆனால் அதற்காக ஒரு சுவரை இடித்து, நிலையைப் பெயர்த்து, லிண்டலை உடைத்தோம். தொடக்கத்தில் ஒரு பென்சிலும் அழிப்பானும் செய்திருக்க வேண்டிய வேலை அது.

சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்கிறார்களே, அதை வைத்து பட்ஜெட் போடலாமா?

கட்டலாமா வேண்டாமா என்று யோசிக்க அது போதும். கட்டத் தொடங்குவதற்குப் போதாது. சதுர அடி விலைக்குள் எது அடங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சுற்றுச்சுவர், கேட், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, போர்வெல், மழைநீர் சேகரிப்பு, மின் இணைப்பு, அனுமதிக் கட்டணம், மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் இவற்றில் பாதி அந்த விலைக்கு வெளியே நிற்கும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். அதைக் கடைசியில் ஒட்டவைக்கும் வேலையாக நினைக்காதீர்கள்.

பொறியாளரிடம் வேலை வாரியாக அளவுப் பட்டியல் கேளுங்கள். எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை டன் கம்பி, எத்தனை யூனிட் எம்-சாண்ட், எத்தனை செங்கல் என்று வரட்டும். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. இந்தப் பட்டியல் கையில் இருந்தால் விலை ஏறும்போது எவ்வளவு துண்டு விழும் என்று அன்றைக்கே கணக்குப் போடலாம். மொத்தத் தொகையில் 10 சதவீதத்தைத் தனியாக எடுத்துவைத்து, பெயிண்ட் அடிக்கும் வரை அதைத் தொடாமல் இருக்கப் பாருங்கள்.

கடன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கி முழுத் தொகையையும் ஒரே நாளில் தராது. உங்கள் பங்கை முதலில் போடச் சொல்லும், பிறகு பேஸ்மெண்ட் (தரை மட்டம் வரை எழும்பும் அடித்தளம்), லிண்டல், தளம் என்று வேலை முடிய முடியப் பார்த்துவிட்டு விடுவிக்கும். பார்க்க வருவதற்கும் பணம் வருவதற்கும் இடையில் நாட்கள் போகும். அந்த இடைவெளியில் சனிக்கிழமைச் சம்பளம் நிற்கக் கூடாது. இரண்டு வாரக் கூலியாவது எப்போதும் கையில் இருக்கட்டும்.

லேபர் கான்ட்ராக்ட் நல்லதா, பொருளோடு சேர்த்து முழு கான்ட்ராக்ட் நல்லதா?

தினமும் சைட்டில் நிற்க உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் லேபர் கான்ட்ராக்ட். பொருள் தரம் உங்கள் கையில் இருக்கும், செலவும் கொஞ்சம் குறையும். ஆனால் சிமெண்ட் தீர்ந்து ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்தக் கூலியும் உங்கள் கணக்கில்தான். நிற்க ஆள் இல்லையென்றால் முழு கான்ட்ராக்ட் கொடுத்துவிட்டு, பொருள்களின் ரகத்தை ஒன்றுவிடாமல் எழுதி வாங்குங்கள். "நல்ல டைல்ஸ் போட்டுத் தருவோம்" என்பது ஒப்பந்தம் ஆகாது. சதுர அடிக்கு எத்தனை ரூபாய் மதிப்புள்ள டைல்ஸ், எந்த அளவு, எந்த அறைக்கு என்று எழுத வேண்டும்.

தெரிந்த மேஸ்திரிதான். அவரோடும் ஒப்பந்தம் எழுத வேண்டுமா?

தெரிந்தவர் என்றால் கட்டாயம் எழுதுங்கள். உறவு கெடாமல் இருக்க அதுதான் வழி. பணத்தைத் தேதியோடு கட்டாமல் வேலையோடு கட்டுங்கள். "மாதம் பிறந்தால் இவ்வளவு" என்று கொடுத்தால் வேலை பின்தங்கி, பணம் முன்னால் போய்விடும். ஃபுட்டிங் (மண்ணுக்குள் தூணைத் தாங்கும் கான்கிரீட் அடி) முடிந்ததும் இவ்வளவு, பேஸ்மெண்ட் மட்டம் வந்ததும் இவ்வளவு, லிண்டல், தளம், பூச்சு, டைல்ஸ், பெயிண்ட் என்று பிரியுங்கள். கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டும் வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

எத்தனை மாதம் ஆகும்? எப்போது தொடங்குவது?

1,200 சதுர அடி தரைத்தள வீட்டுக்கு 7 முதல் 9 மாதம் வைத்துக்கொள்ளுங்கள். 5 மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பூச்சு காய்வதற்கு எத்தனை நாள் விடுவீர்கள் என்று கேளுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மாதங்களில் வானம் தோண்டினால் குழியில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், களிமண் தரை என்றால் ஓரமும் சரியும். தை மாதம் தொடங்கினால் மழை வருவதற்குள் தளம் போட்டு, வெளிப்பூச்சும் முடிந்திருக்கும். மழைக்காலத்தில் உள்வேலை நடக்கும். ஆடியில் தொடங்க மாட்டோம், வாஸ்து நாள் பார்ப்போம் என்றால் அதையும் முதலிலேயே அட்டவணையில் குறித்துவிடுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஆட்கள் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் திரும்புவார்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் என்றால் அவர்கள் ஊர்த் திருவிழாவும் சேரும். அது அவர்களுக்கு உரிய விடுப்பு, அதையும் சேர்த்தே நாள் கணக்குப் போடுங்கள்.

கால அட்டவணை எப்படிப் போடுவது? கணினியில் ஏதாவது வேண்டுமா?

சுவரில் மாட்டும் தினசரி நாள்காட்டி போதும். தேவைப்படும் நாளை முதலில் குறியுங்கள், அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பேஸ்மெண்ட் முடிந்து சுவர் எழுப்பும் அன்று வாசல் நிலை சைட்டில் நிற்க வேண்டும். தச்சருக்கு 4 வாரம் வேண்டும் என்றால் ஃபுட்டிங் கான்கிரீட் போடும்போதே மரம் தேர்ந்திருக்க வேண்டும். அதுபோலவே பாத்ரூம் டைல்ஸ் அளவு தெரியாமல் குழாய் உயரத்தை முடிவுசெய்ய முடியாது, சுவருக்குள் போகும் டைவர்ட்டர் (ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணீரை மாற்றிவிடும் வால்வு) எந்த மாடல் என்று தெரியாமல் சுவரை வெட்ட முடியாது. ஆக, கண்ணுக்குக் கடைசியாகத் தெரியும் பொருளைப் பற்றிய முடிவு பல நேரம் முதலில் எடுக்க வேண்டியதாக இருக்கும்.

நான் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் ஒரே ஒரு தாள் கொடுப்பேன். இடது பக்கம் நீங்கள் சொல்ல வேண்டிய முடிவு, வலது பக்கம் அதைச் சொல்ல வேண்டிய கடைசித் தேதி. பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கச் சொல்வேன்.

தளம் போடும் நாளில் நான் என்ன பார்க்க வேண்டும்?

இந்த ஒரு நாளுக்கு விடுப்பு எடுங்கள். உண்மையில் முதல் நாள் மாலையும் வேண்டும், ஏனென்றால் பார்க்க வேண்டியதில் முக்கால்வாசி கான்கிரீட் விழுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

முதல் நாள் மாலை பொறியாளரோடு சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டும்) மேல் ஏறுங்கள். வரைபடத்தில் உள்ள கம்பி, அதே விட்டத்தில், அதே இடைவெளியில் கட்டப்பட்டிருக்கிறதா? கம்பி பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறிய கட்டையான கவர் பிளாக் அடியில் இருக்கிறதா? தளத்துக்குக் குறைந்தது 20 மி.மீ. மறைப்பு வேண்டும். கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக் கல்லை வைத்து முட்டுக்கொடுத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கல் நழுவினால் கம்பி பலகையிலேயே படுத்துவிடும், சில ஆண்டுகளில் துருப்பிடித்துத் தளத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். மின்குழாய், ஃபேன் பெட்டி, பாத்ரூம் தாழ்வு, தண்ணீர்க் குழாய் இறங்கும் துளை எல்லாவற்றையும் வரைபடத்தில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வாருங்கள். தொடக்கக் காலத்தில் ஒரு வீட்டில் பாத்ரூம் தாழ்வு விடாமலே தளம் போட்டுவிட்டேன். அன்று அவசரம், மேகம் கட்டியிருந்தது. பிறகு அந்த பாத்ரூம் தரையை உயர்த்த வேண்டியதாயிற்று. அங்கே இன்றும் ஒரு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். வயதான பாட்டி இருக்கும் வீடு அது. அதிலிருந்து டிக் அடிக்காமல் ஒரு தளமும் போட்டதில்லை.

அடுத்தது முட்டு. செங்குத்தாக, உறுதியான தரையில் நிற்கிறதா என்று கீழே நடந்து பாருங்கள். ஈர மண்ணில் நேராக நிற்கும் முட்டு கான்கிரீட் எடை ஏறியதும் இறங்கும்.

அன்று காலை கவனிக்க வேண்டியது தண்ணீர். வீடுகளுக்குப் போடும் எம் 20 என்ற வலிமை ரகக் கான்கிரீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தண்ணீர் 27 லிட்டரைத் தாண்டக் கூடாது, மணலில் இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. கலவை கொழகொழவென்று இருந்தால் ஆட்களுக்குப் பரப்புவது சுலபம், அதனால் ஒரு குடம் கூடுதலாக ஊற்றத்தான் பார்ப்பார்கள். வேலை கடினம் என்பது உண்மைதான். அதற்கு வைப்ரேட்டர் ஏற்பாடு செய்யுங்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள். 1,200 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் பீம் இல்லாமலே 500 கன அடி கான்கிரீட். நடுவில் நிறுத்த முடியாத வேலை. மிக்ஸர் பழுதானால் அடுத்த மிக்ஸர் எங்கிருந்து வரும், மழை வந்தால் மூட தார்ப்பாய் இருக்கிறதா, ஆட்களுக்குச் சாப்பாடு யார் பொறுப்பு என்பதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும்? சென்ட்ரிங் எப்போது பிரிக்கலாம்?

பிபிசி (PPC, எரிசாம்பல் போன்றவை கலந்த போர்ட்லாண்ட் பொசலானா) சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றுங்கள். பிரிப்பதற்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்குச் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு இது: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். பிபிசி மெதுவாக இறுகும், அதனால் நான் தளத்துக்கு 14, பீமுக்கு 21 என்றே வைப்பேன். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறது என்று அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கம்பி எடை சரியாக வருகிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

விட்டத்தை மி.மீ.-இல் எடுத்து அதே எண்ணால் பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி என்றால் மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ. வண்டியில் வந்த கம்பிகளை எண்ணிப் பெருக்கிப் பாருங்கள். ரசீதோடு சிறிய வித்தியாசம் இருக்கலாம். பெரிதாக இருந்தால் இறக்குவதற்கு முன் கேளுங்கள்.

நான் வெளியூரில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறைதான் வர முடியும். என்ன செய்வது?

உங்கள் சார்பில் முடிவு சொல்ல ஒரே ஒருவரை நியமியுங்கள். அப்பா ஒன்று சொல்லி, மாமா இன்னொன்று சொல்லி, நீங்கள் வாட்ஸ்அப்பில் வேறொன்று சொன்னால் மேஸ்திரி தனக்குச் சுலபமானதைச் செய்வார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. சைட்டில் ஒரு 200 பக்க நோட்டு இருக்கட்டும். தினமும் எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எத்தனை மூட்டை சிமெண்ட் செலவு, என்ன வேலை முடிந்தது என்று நான்கு வரி. மாலையில் அந்தப் பக்கத்தையும் வேலை நடந்த இடத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வருகிற ஒரு நாளை ஃபுட்டிங் கம்பி, தளக் கம்பி, சுவரில் குழாய் பதித்த நேரம் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். மூடிவிட்டால் பிறகு பார்க்க முடியாத வேலைகள் இவை.

நடுவில் ஒரு மாற்றம் செய்யத் தோன்றுகிறது. செய்யலாமா?

செய்யலாம், மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு. எவ்வளவு செலவு கூடும்? எத்தனை நாள் கூடும்? ஏற்கனவே முடிந்த எது உடையும்? இதை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு அந்த நோட்டிலேயே ஒட்டுங்கள். தூண், பீம், தளம் தொடர்பான மாற்றம் என்றால் வரைபடம் போட்ட பொறியாளர் சொல்லாமல் தொடவே கூடாது.

மேஸ்திரி நான்கு நாளாக வரவில்லை, போனும் எடுப்பதில்லை.

பெரும்பாலும் வேறு சைட்டில் தளம் போடப் போயிருப்பார், அல்லது அவருக்குப் பணம் நிற்கிறது. நேரில் போய்ப் பாருங்கள். கூலி பாக்கி உங்கள் பக்கம் என்றால் அன்றே தீர்த்துவிடுங்கள். அப்படி இல்லை, முன்பணம் அதிகம் போய்விட்டது என்றால் மேலும் பணம் தராமல், முடிந்த வேலையை அளந்து கணக்கு எழுதி, அவரிடம் ஒரு தேதி கேளுங்கள். தேதி தவறினால் வேறு ஆளுக்கு மாறலாம். அதற்கும் அந்த அளவுக் கணக்குதான் உதவும்.

வேலை ஆட்களின் பாதுகாப்புக்கும் நான்தான் பொறுப்பா?

உங்கள் மனையில் உங்கள் வீட்டுக்காக ஏறுகிறவர்கள் அவர்கள். பொறுப்பு உண்டு. சாரம் கட்டும் கயிறும் கம்பும் நல்லதாக இருக்க வேண்டும். தெருவில் மின்கம்பி அருகில் போகிறது என்றால் கம்பி தூக்குவதற்கு முன் மின்வாரியத்திடம் பேசுங்கள். நீளக் கம்பியைத் திருப்பும்போது மின்கம்பியில் பட்டு உயிர் போவது நம் ஊர்களில் நடக்கிறது. தற்காலிக மின் இணைப்பில் கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போடுங்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லையென்றால் பதிவு செய்ய உதவுங்கள். குடிக்கத் தண்ணீரும், பெண் சித்தாள்களுக்குக் கழிப்பறையும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

பணம் குறைகிறது. எதைத் தள்ளிப்போடலாம்?

மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபால்ஸ் சீலிங், கேட் அலங்காரம், உள்பக்கம் இரண்டாவது கோட் பெயிண்ட். இவற்றைக் குடிவந்த பிறகும் செய்யலாம். கம்பி, சிமெண்ட், வயர் தரம், மொட்டைமாடி, பாத்ரூம் நீர்த்தடுப்பு இவற்றில் கைவைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் முடியவில்லையே!

கடைசிக் கட்டத்தில் ஒரே வாரத்தில் எலக்ட்ரீசியன், பிளம்பர், தச்சர், பெயிண்டர் எல்லோரும் வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். ஒரு காலையில் எல்லோரையும் ஒன்றாக வரவழைத்து, அறை அறையாக நடந்து குறைகளை எழுதுங்கள். கதவு உரசுகிறது, சிங்க் கீழே சொட்டுகிறது, இந்த சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று. ஒவ்வொன்றுக்கும் பெயரும் நாளும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் பாத்ரூமில் 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திக் கீழ்த்தளத்தில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் பாருங்கள்.

கிரகப்பிரவேசத் தேதியை எப்போது குறிக்கலாம்?

உள்பூச்சு காய்ந்து டைல்ஸ் வேலை பாதியைத் தாண்டிய பிறகு. அதற்கு முன்பே பத்திரிகை அடித்தால் ஈரச் சுவரில் பெயிண்ட் அடிக்க வேண்டிவரும், ஆறே மாதத்தில் உரியும். நல்ல நாள் போய்விடும் என்று பெரியவர்கள் கவலைப்பட்டால் அன்று பால் மட்டும் காய்ச்சிவிட்டு, மீதி வேலை முடிந்த பிறகு குடிபோங்கள்.

வீடு முடிந்ததும் என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

அனுமதி வரைபடம், கட்டமைப்பு வரைபடம், பொருள் ரசீதுகள், மோட்டார், ஹீட்டர் உத்தரவாத அட்டைகள், பூச்சுக்கு முன் எடுத்த சுவர்ப் படங்கள். தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற விண்ணப்பியுங்கள், இல்லையென்றால் கூடுதல் கட்டணமே தொடரும். சொத்து வரிக்குப் பதிவு செய்யுங்கள். சுவர்ப் படங்களை அறை வாரியாகப் பெயரிட்டு இரண்டு பேரின் போனிலாவது வையுங்கள். நான்கு வருடம் கழித்து டி.வி. மாட்ட ஆள் டிரில்லோடு வந்து நிற்கும்போது வயர் எந்தப் பக்கம் போகிறது என்று அதில்தான் பார்க்க முடியும்.